பால் எவ்வகைக் கலவை?

ஏழாம், எட்டாம் வகுப்புகளில் கலவைகளைப் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது, எங்கும் ஒரே சீராகத் தோன்றுவது ஒருபடித்தான கலவை என்றும், பகுதிகள் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படுவது பலபடித்தான கலவை என்றும் இலக்கணம் வகுத்துக் கொடுத்துவிட்டு, உப்புநீரை ஒரு பத்தியிலும் மணல் கலந்த நீரை மறு பத்தியிலும் எழுதச் செய்து, அத்துடன் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. பாலைப் பற்றிய வினா எழுந்த மாத்திரத்தில், வெண்மையன்றி வேறெதையும் அதில் காணாத மாணவி, நாம் கற்பித்த இலக்கணத்தையே பிரமாணமாகக் கொண்டு, ஒருபடித்தானது என்று விடை எழுதுகிறாள். நாமோ அதைத் தவறென்று அடித்துவிடுகிறோம். அவளுடைய தர்க்கத்தில் தோஷம் ஏதுமில்லை, நாம் அளித்த இலக்கணத்திலேதான் குறை என்பது எமது திடமான அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் கண்ணின் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை விஞ்ஞான சரித்திரமே காட்டும். 1857ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்த மாணிக்கச் சிவப்பான தங்க நீர்மம் பார்வைக்குத் தெளிந்த கரைசலாகவே இருந்தது. அதனுள் தங்கம் நுண்துகள்களாக மிதக்கிறதென்று, ஒளியைக் குவித்துச் செலுத்திப் பார்த்து அவர் ஊகித்தாராயினும், அத்தகைய துகள்களை ஒளிப்புள்ளிகளாகத் தனித்தனியே காட்டவல்ல கருவியை ஸீடென்டாஃபும் ரிச்சர்ட் ஸிக்மாண்டியும் அமைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கூழ்மக் கரைசல்கள் பலபடித்தானவை என்று நிரூபித்தமைக்காகவே ஸிக்மாண்டிக்கு 1925ஆம் ஆண்டுக்குரிய ரசாயன நோபல் பரிசும் அளிக்கப்பட்டது. அத்தனை பிரயாசையில் தெளிந்த ஒன்றைப் பன்னிரண்டு வயதுக் குழந்தை வெறும் பார்வையில் தீர்மானிக்க வேண்டுமென்பது நியாயமாகாது.

ஆகவே தோற்றத்தை விட்டுச் சோதனையைக் கற்பிப்போம். ஒரு கண்ணாடி டம்ளரில் சர்க்கரைக் கரைசலையும், மற்றொன்றில் இரண்டு மூன்று துளி பால் விட்ட நீரையும் வைத்து, ஜன்னல்களைச் சாத்தி, சிறு துளையிட்ட கறுப்புத் தாளை டார்ச் விளக்கின் முகத்தில் ஒட்டி ஒளியைப் பாய்ச்சினால், முதலாவதில் ஒளி சென்ற தடம் அநேகமாகத் தெரியாதிருக்க, இரண்டாவதில் அது நீலம் பாய்ந்த வெண்கோடாகத் துலங்கும். (கல்லுப்பை இதற்கு எடுக்காமலிருப்பது உசிதம், அதிலுள்ள மண்துகள்களும் ஒளியைச் சிதறடித்துக் குழந்தைகளை மயங்க வைக்கும்.) பின்பு இரண்டையும் வடிதாளில் ஊற்றினால், பால்நீரும் வெண்மை மாறாமலே கீழே இறங்குவதைக் கண்டு, வடிதாளில் எதுவும் தங்காதது ஒருபடித்தன்மைக்குச் சான்றாகாது என்பதை அவர்கள் பிரத்தியட்சமாக உணர்வார்கள். பாலின் கொழுப்புத் துளிகளில் பல, சில மைக்ரோமீட்டர் விட்டமே உடையவை. 400 மடங்கு பெருக்கிக் காட்டும் பள்ளி நுண்ணோக்கியில் அவை உருண்டை உருண்டையாகத் தெரியும்.

நிறத்தையோ ஒளி புகும் தன்மையையோ அளவுகோலாகக் கொள்வதும் பொருந்தாது. மயில்துத்தக் கரைசல் நீலமாயினும் ஒருபடித்தானதே; செம்பு கலந்த 22 காரட் தங்கம் ஒளியை ஊடுருவ விடாதாயினும் அதுவும் அவ்வகையைச் சேர்ந்ததே.

வினாத்தாள் அமைப்போருக்கு எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. பால் எவ்வகைக் கலவை என்று கேட்டு ஒரு மதிப்பெண் அளிப்பதை விடுத்து, பால் பலபடித்தானது என்பதை எந்தச் சோதனையால் காட்டுவாய் என்று கேளுங்கள்; வெறுங்கண்ணுக்கு ஒரே சீராகத் தோன்றுவது நுண்ணோக்கியில் அவ்வாறு இல்லை என்று தன் சொந்த வார்த்தைகளில் எழுதும் குழந்தைக்கு முழு மதிப்பெண்ணும் வழங்குங்கள்.