ஃபோமட் முதல் மருந்தல்ல

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை அடிக்கடி விட்டுவிட்டுப் போனால், கடையில் "ஃபோமட் அடிக்கணும்" என்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். பிள்ளைகளின் ஒப்படைகள், குடும்பப் படங்கள் எல்லாம் அழிகின்றன. பிறகு அதே அப்டேட் மறுபடி இறங்குகிறது!

2023 டிசம்பர் அப்டேட்டால் விண்டோஸ் 11இல் சில கணினிகளின் வைஃபை பழுதானதை மைக்ரோசொஃப்ட்டே ஒப்புக்கொண்டு திருத்தியது. அப்படியிருக்க, நாம் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

முதலில், அதே வைஃபை ஃபோனில் ஒழுங்காக வேலை செய்கிறதா பார்ப்போம். செய்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்டில் மின்சேமிப்புக்காக அதை நிறுத்தும் அனுமதியை எடுத்துவிடுவோம். சரிவராவிட்டால் 'ரோல் பேக் டிரைவர்'. அதுவும் சரிவராவிட்டால் அந்த அப்டேட்டை நீக்குவோம்.

இவற்றைச் செய்யாமல் ஃபோமட் என்பவரிடம் "ஏன்?" என்று கேட்போம். பிள்ளைகளின் உழைப்பு அவ்வளவு மலிவானதல்ல.