கச்சத்தீவு ஒப்பந்தத்தை வாசித்தவர் யார்?

ஃபிஜியில் இந்தியத் தூதராக இருந்தவர் டி.பி.ஸ்ரீனிவாசன். இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்து ஒரு மாதமே ஆகியிருந்த பவத்ரா அரசை, 1987 மே 14-ல் ராணுவ அதிகாரி ரபூகா கவிழ்த்தார். இந்தியா எதிர்த்தது. 1989-ல் ஸ்ரீனிவாசனை வெளியேறச் சொன்னது ஃபிஜி. 2004-ல் வியன்னாவில் தூதராக இருந்து ஓய்வுபெற்ற அவர், பின்னாளில் திருவனந்தபுரத்தில் குடிமைப் பணித் தேர்வு மாணவர்களுக்கு வழிகாட்டினார். ஏசியாநெட் தொலைக்காட்சியின் ‘விதேச விசாரம்’ நிகழ்ச்சியில் உலக நடப்பை மலையாளத்திலேயே பேசினார்.

கேரளத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஃபிஜி கதையில் நம் பங்கும் உண்டே! 1903 முதல் சென்னையிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அவர்களின் வழிவந்தவர்களுக்காக 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிகள் நடத்துகிறது. பாரதி பாடிய கரும்புத் தோட்டம்வரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ரபூகாவைத் தெரியாது.

ஓய்வுபெற்ற தூதர்களைக் கல்வி நிலையங்களுக்கு அனுப்பும் சொற்பொழிவுத் திட்டத்தை வெளியுறவு அமைச்சகம் 2010-ல் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், நம் ஊர்க் கல்லூரி விழாக்களில் நான் பார்த்தவரை, பொன்னாடை போர்த்தவே கால்மணி நேரம் போய்விடும். பிறகு ஆங்கிலத்தில் ஜி20 பற்றி ஓர் உரை. கடைசியில் எழும் ஒரே கேள்வி: “சார், ஐஎஃப்எஸ் ஆக என்ன படிக்கணும்?”

மதுரை வட்டாரத்து மாணவர்களுக்கு வெளியுறவு கச்சத்தீவில் தொடங்குகிறது. அதைப் பற்றி உறுதியான கருத்து இல்லாத மாணவரே கிடையாது. ஒப்பந்தத்தை வாசித்தவரைத் தேட வேண்டும். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தில் மொத்தம் எட்டே உறுப்புகள். நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது ஐந்தாவது. படகுகளுக்கு ஒருவர் கடலில் மற்றவருக்கு இருந்துவந்த உரிமை தொடரும் என்கிறது ஆறாவது. 1976 மார்ச்சில் இரு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், எல்லை தாண்டி மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேச்சுவார்த்தை மேசையில் ஒரு வாக்கியத்துக்காக எப்படி மல்லுக்கட்டுவார்கள் என்று சொல்லித்தர, அந்த மேசையில் உட்கார்ந்தவரால்தான் முடியும்.

வகுப்பை டெல்லி, கொழும்பு, ராமேசுவரம், யாழ்ப்பாணம் என்று பிரித்து விவாதிக்கச் சொன்னால், யாழ்ப்பாணத்துக்கு ஆள் சேராது. நம் இழுவைப் படகுகளால் வலை அறுபட்டு நிற்பவரும் தமிழர்தான் என்பது அப்போதுதான் உறைக்கும். இழுவை மடியை 2017-ல் சட்டம் போட்டே தடுத்தது இலங்கை. பிடிபட்ட நம் மீனவரைச் சிறையில் பார்க்க யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அந்தச் சந்திப்புக்கான உரிமை 1963-ன் வியன்னா உடன்படிக்கையில், 36-வது உறுப்பில் வருகிறது. மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் வளைகுடா வேலைக்காகக் காத்து நிற்கும் இளைஞருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

தூதர்களிடம் ஒரு குறையும் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் அரசின் நிலைப்பாட்டையே பேசிப் பழகிய நாக்கு, ஓய்வுக்குப் பிறகும் சட்டென்று திரும்பாது. அதனால் அவரைத் தனியாக மேடையேற்றக் கூடாது. மதுரை நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை போதும். வகுப்பு தமிழில் நடக்கட்டும். தூதருக்கு எதிர் நாற்காலியில் ராமேசுவரம் விசைப்படகு உரிமையாளர் ஒருவரை உட்கார வையுங்கள். தூதரகக் கோப்பில் இல்லாத கேள்விகளை அவர் கேட்பார்.

- கட்டுரையாளர், சர்வதேச உறவுகள் துறைப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மதுரை ஆனையூரில் வசிக்கிறார்.