மாமாவுக்கு வந்தது வெறும் 'கேஸ்'தானா? - 'ஆர்14' சொல்லும் சேதி

"ஏத்தா, 12,000 ரூவா செலவு பண்ணி, கடைசில கேஸுன்னு எழுதிக் குடுத்துருக்காய்ங்க!"

இரண்டு மாதத்துக்கு முன்னால் உத்தமபாளையத்திலிருந்து மாமா போன் செய்து சொன்ன முதல் வார்த்தையே இதுதான். நடந்தது இது: கல்யாண வீட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தவருக்கு, ராத்திரி 11 மணிக்கு மேல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்திருக்கிறது. முதலில் சோடா, அப்புறம் ஓமத்தண்ணி. அடங்கவில்லை. சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்ததும் அத்தை பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, சில மணி நேரம் கழித்து மறுபடியும் இரண்டும். எல்லாமே நார்மல். மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர் திருக்காளாத்தீஸ்வரர் கோயிலைத் 'தென் காளஹஸ்தி' என்பார்கள். காளஹஸ்தி, பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலம். "வாயு பகவான் ஊருல பொறந்தவனுக்கு வாயு வராம வேற என்னத்த வரும்? இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று அத்தையை ஒரு வாரம் கிண்டல் செய்துகொண்டிருந்தார் மாமா.

அந்தக் கிண்டல் நின்றது, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கேள்விக் கடிதம் வந்தபோது. கிளைம் படிவத்தின் நகலை மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆஸ்பத்திரி நிரப்ப வேண்டிய பக்கத்தில் 'ஐசிடி 10 கோட்' என்று ஒரு கட்டம். அதில் ஆர்14 என்று எழுதியிருந்தது. 'இது என்னடா சீட்டு நம்பர் மாதிரி இருக்கு' என்று நினைத்தபோதுதான், என் பள்ளித்தோழி ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் விலங்கியல் படித்தவள். இப்போது சென்னையில் மெடிக்கல் கோடர்.

படத்தைப் பார்த்ததுமே சொன்னாள். "ஆர்னு ஆரம்பிச்சா அது நோயோட பேரு இல்லடி. தொந்தரவோட பேரு. நோய் என்னன்னு இன்னும் முடிவாகலைன்னு அர்த்தம்."

இந்த ஒரு வரிதான் இந்த வாரக் கட்டுரையே.

ஏப்பத்துக்கும் நம்பர் உண்டு!

உங்கள் தெருவிலும் ஒரு மெடிக்கல் கோடர் இருப்பார். சென்னை, கோவை, திருச்சி என்று நம் ஊர் அறிவியல் பட்டதாரிகள் ஏராளமானவர்கள் பார்க்கும் வேலை அது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய சிகிச்சைக் குறிப்பைப் படித்து, அதிலிருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுவதுதான் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் பணம் கைமாறும்.

இந்த எண்களுக்கு வயது நூற்றுமுப்பதைத் தாண்டிவிட்டது. 1893-ல் ஜாக் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர், மனிதர்கள் எதனால் இறக்கிறார்கள் என்பதை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எழுதிவைக்க ஒரு பட்டியல் தயாரித்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, மரணக் காரணங்களோடு நோய்களையும் சேர்த்தது. அதன் பத்தாவது பதிப்புதான் ஐசிடி-10. பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் நம் ஊர் கிளைம் படிவத்தில் அச்சாகியிருப்பது பத்தாவதுதான்.

இதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வீடு மாதிரி. இதயம், ரத்தக்குழாய் நோய்கள் 'ஐ' வீட்டில். வயிறு, குடல், கல்லீரல், பித்தப்பை நோய்கள் 'கே' வீட்டில். தசை, எலும்பு எல்லாம் 'எம்' வீட்டில். 'ஆர்' வீட்டில் இருப்பவை அறிகுறிகள்: காய்ச்சல், இருமல், தலைசுற்றல், நெஞ்சுவலி, வாயு.

ஆர்14 என்றால் வாயுவும் அதைச் சேர்ந்த தொந்தரவுகளும். அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் பயன்படுத்தும் பதிப்பில் இதையே நான்காகப் பிரித்துவிட்டார்கள். வயிறு உப்புசம் ஆர்14.0. வாயு வலி ஆர்14.1. ஏப்பம் ஆர்14.2. கீழ்வழியாகப் பிரியும் வாயு ஆர்14.3.

"அமெரிக்காக்காரன் ஏப்பம் விட்டா, உத்தமபாளையத்துப் பொண்ணு நம்பர் போடுறா" என்று சிரித்தாள் தோழி. அடுத்து அவள் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. "புறநோயாளி குறிப்புல டாக்டர் 'சந்தேகம்'னு எழுதின நோய்க்கு நாங்க நம்பர் போடக்கூடாது. உறுதியான நோய் பேரு இல்லைன்னா, அறிகுறிக்குத்தான் போடணும். எழுதாத எதையும் நாங்களா சேர்க்க முடியாது."

அதாவது, 'ஆர்' நம்பர் முடிவு அல்ல. பாதி வழியில் வைத்த அடையாளம்.

ஒரே 'வாயு', நாலு வீடு

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். முதுகில் சுளுக்கிப் பிடித்தால் 'வாயுப்பிடிப்பு'. கிழங்கு, மொச்சை சாப்பிட்டு வயிறு உப்பினால் 'வாயுத்தொல்லை'. நெஞ்செரிச்சல் என்றால் 'கேஸ்'. நெஞ்சை அடைத்தாலும் 'வாயு அடைச்சிருக்கு'.

கோடர் மேஜைக்குப் போனால் இந்த நான்கும் ஒரே வீட்டில் தங்காது. முதுகுப்பிடிப்பு 'எம்' வீட்டுக்குப் போகும். உப்புசம் ஆர்14. நெஞ்செரிச்சல் வெறும் அறிகுறியாக இருந்தால் ஆர்12, இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறும் நோய் என்று உறுதியானால் கே21. நெஞ்சடைப்பு மாரடைப்பாக இருந்தால் ஐ21. நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்து, ஒரே சோடாவைக் குடிக்கிறோம்.

சித்த மருத்துவம் சொல்லும் வாதமும் நம் வீட்டு 'கேஸ்' இல்லை. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் வாதம் என்பது உடலின் அசைவு, வலி, கழிவு வெளியேறுவது வரை பலதையும் குறிக்கும். சித்தா, ஆயுர்வேதம், யுனானி நோய்ப் பெயர்களுக்கும் ஐசிடி-11-ல் தனிப் பகுதி உண்டு. 2024 ஜனவரி 10-ம் தேதி டெல்லியில் அதை வெளியிட்டார்கள். அங்கேயும் 'எல்லாம் வாயு' என்று ஒரே வரியில் முடிப்பதில்லை.

உண்மையான வாயு பயப்படுகிற சமாசாரமே இல்லை. விழுங்குகிற காற்றும், பெருங்குடலில் பாக்டீரியாக்கள் உணவைப் புளிக்கவைக்கும்போது உண்டாவதும்தான் அது. ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை பிரிவது சாதாரணம்.

சிக்கல் எங்கே என்றால், இதயத்திலிருந்தும் மேல்வயிற்றிலிருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் கிட்டத்தட்ட ஒரே பாதையில் போகின்றன. எது எங்கே வலிக்கிறது என்பதில் மூளைக்கே குழப்பம் வரும். அதனால்தான் மாரடைப்பு பல பேருக்கு அஜீரணம் மாதிரி வருகிறது. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்களுக்கு 'சினிமா நெஞ்சுவலி' வராமல் ஏப்பம், வாந்தி, களைப்பு மட்டுமே வரலாம்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் தேனியைத் தாண்டி க.விலக்கு வரை போக வேண்டும். சோடா குடித்து, 'ஒரு மணி நேரம் பார்ப்போம்' என்று உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம்தான் இதயத்தசைக்கு முக்கியமான நேரம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்குத் தரவேண்டிய முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். மாத்திரையைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதவி இது.

பணம் விஷயம்

மாமாவின் கிளைமுக்கு வருவோம். 'பரிசோதனைக்காக மட்டும் அனுமதிக்கப்பட்டால் பணம் கிடையாது' என்பது மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. பாலிசியில் 'எக்ஸ்எல்04' என்று தேடினால் கிடைக்கும். ஆர்14 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு, 'வாயுவுக்கு எதற்கு அட்மிஷன்?' என்றுதான் தோன்றும்.

ஆனால் அன்று ராத்திரி அட்மிட் செய்தது வாயுவுக்காக அல்ல. 56 வயது, 10 வருடச் சர்க்கரை, நெஞ்சு இறுக்கம், வியர்வை என்பதற்காக. இதெல்லாம் கிளைம் பக்கத்தில் இல்லை. டாக்டரிடம் போய்க் கேட்டதும், எதற்காக அனுமதித்தோம் என்று தெளிவாக ஒரு கடிதம் தந்தார். அதை அனுப்பியிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று.

1. வந்தபோது இருந்த தொந்தரவு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே கேட்டுச் சேர்த்து வாங்குங்கள். நடக்காததை எழுதச் சொல்லாதீர்கள். நடந்ததை விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

2. நோய் என்ற இடத்தில் இருப்பது நோயின் பெயரா, அறிகுறியா? அறிகுறி என்றால், 'அடுத்து என்ன பார்க்கணும் டாக்டர்?' என்று கேளுங்கள்.

3. கடைசி வரி. 'மறுபடி எப்போது வரவேண்டும்' என்பது அங்கேதான் இருக்கும்.

அந்தக் கடைசி வரியைத்தான் தோழி கண்டுபிடித்தாள். "ஏய், சம்மரியோட அடியில பாரு. ஒரு வாரத்துல வந்து வயித்து ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கு. உங்க மாமா போனாரா?"

போகவில்லை. "அதான் கேஸுன்னு எழுதியே குடுத்துட்டாய்ங்களேத்தா... பந்தல்ல மருந்தடிக்கிற வேலை வேற கெடக்கு" என்றார். திராட்சைக் கொடிக்குச் செவட்டை விழுந்தால் அன்றைக்கே ஓடுகிற மனுஷன்!

அத்தை விடவில்லை. போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள். கொழுப்புச் சாப்பாட்டுக்கு அப்புறம் மேல்வயிற்றில் வந்த அந்த இறுக்கத்துக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றாராம் டாக்டர். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

நேற்று மாமா போனில் கேட்டார்: "இதுக்கு என்ன நம்பருத்தா?"

"கே80, மாமா."

"அப்ப அந்த ஆர் போயிருச்சா?"

"போயிருச்சு மாமா. இப்பத்தான் நோய்க்குப் பேரு கெடச்சிருக்கு."

"அறுப்பு முடிஞ்சதும்..." என்று ஆரம்பித்தவரிடமிருந்து அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

உங்கள் வீட்டு பீரோவிலும் 'கேஸ்' என்று எழுதிய பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று இருக்கலாம். அதற்கப்புறமும் தொந்தரவு தொடர்கிறதா, எடை குறைகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, விழுங்கச் சிரமமா? அப்படியென்றால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தாலோ சோடாவைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ்தான் என்று டாக்டர் சொல்லட்டும். நாமாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.