கண்ணுக்கு மட்டுமா தமிழ்?



புலம்பெயர்ந்த மண்ணில் தமிழை வாழவைக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகின்றோம். அத்தமிழைக் கணினியில் எந்த வடிவில் எழுதி வைக்கின்றோம் என்பதைப் பற்றிப் பேசுவோர் அரிது. அச்சகத்தாருக்குரிய சிறு விடயம் என்று அதனை ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால், பார்வை குன்றிய ஒரு பிள்ளை நம் பள்ளியில் தமிழ் கற்பதும் கல்லாது போவதும் பெரும்பாலும் அதிலேயே தங்கியிருக்கின்றது என்பது எமது கருத்து.

பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையாலாகும். திரையிலுள்ள உரையை அது குரலாக மாற்றி வாசிக்கும். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் ஆக்கத் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். அது தமிழையும் வாசிக்கின்றது. (குரல் சற்று இயந்திரத்தனமானதுதான், நம் பண்டிதர்கள் கேட்டால் உச்சரிப்புக்குப் புள்ளி குறைப்பார்கள்.) இன்று கைத்தொலைபேசிகளும் தமிழ் வாசிக்கின்றன. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பிடர் உள்ள பிள்ளைகளுக்கும் இது பெருந்துணை.

தடை எங்கே இருக்கின்றது? நமது பாமினி எழுத்துருவில் இருக்கின்றது. பாமினியில் "தமிழ்" என்று தட்டச்சுச் செய்தால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினி சேமித்து வைப்பதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் பூட்டியதுதான் பாமினி. திரைவாசிப்பானுக்கு வேடம் தெரியாது, உள்ளிருப்பதை உளறும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் அப்படியன்று. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அங்கே தகரம் தகரமாகவே சேமிக்கப்படும். அவ்வுரையைக் குரலாக்கலாம், பெரிதாக்கலாம், பிரெயில் புள்ளிகளாகவும் மாற்றலாம்.

பாமினியைப் பழிப்பது எமது நோக்கமன்று. கணினிகள் தமிழ் அறியாதிருந்த காலத்தில் ஐரோப்பாவெங்கும் நம் பத்திரிகைகளையும் விழா மலர்களையும் அச்சேற்றித் தந்தவை அத்தகைய எழுத்துருக்களே. எனினும் விண்டோஸ் 2000 வந்தபோதே கணினி ஒருங்குறித் தமிழை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னும் நாம் பழைய பழக்கத்தை விடவில்லை.

இங்கே கோலியர்ஸ் வுட் நிலத்தடி நிலையம் 1926இல் திறக்கப்பட்டது. அன்று நோர்தேர்ன் வழித்தடத்தில் இந்நிலையங்களைக் கட்டியோர் சக்கர நாற்காலியில் வரும் பயணியை எண்ணிப் பார்க்கவில்லை. மின்படிகளோடு நிறுத்திக்கொண்டனர். கட்டி முடித்த நிலையத்தில் பிற்காலத்தில் ஒரு மின்தூக்கியை நுழைப்பது எவ்வளவு செலவான வேலை! எழுத்துருவை மாற்றுவதற்குக் கொங்கிறீற்றை உடைக்க வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

"நம் பள்ளியில் அப்படியான பிள்ளை எவரும் இல்லையே" என்று சிலர் கேட்கக்கூடும். ஏன் இல்லை என்பதே எமது கேள்வி. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இந்நாட்டுப் பள்ளிகள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒழுங்குகளைச் செய்ய வேண்டும் என்கின்றது. திங்கள் முதல் வெள்ளி வரை கணினியில் பாடத்தைக் கேட்டுப் படிக்கும் பிள்ளை, சனிக்கிழமை நம்மிடம் வந்தால் மங்கலான ஒளிநகல் தாளொன்றைக் கையில் கொடுக்கின்றோம். அப்பிள்ளை தமிழைப் பற்றி என்ன நினைக்கும்? "அவனுக்குத் தமிழ் கஷ்டம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பெற்றோரும் முடிவு செய்துவிடுகின்றனர். அப்படி வீட்டில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் நம் வரவுப் பதிவேட்டில் இருப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையிலும் வருவதில்லை.

முதியோரை மறந்துவிடலாகாது. போரில் கண்ணிழந்தோரும் நீரிழிவால் பார்வை மங்கியோரும் நம்மிடையே உள்ளனர். பேரப்பிள்ளையின் கலைவிழா அழைப்பிதழை வண்ணப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றோம். தாத்தாவின் தொலைபேசி பெரும்பாலும் "படம்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றது. எத்தனை மணிக்கு, எந்த மண்டபத்தில் என்று அவர் இன்னொருவரைக் கேட்டே அறிய வேண்டும். படத்தின் கீழே அதே செய்தியை நான்கு வரியில் தட்டச்சுச் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும்?

விரல்கள் பாமினி விசைப்பலகைக்குப் பழகிவிட்டன என்னும் ஆசிரியர்களுக்கு ஒரு நற்செய்தி: அதே விசைகளைத் தட்டி ஒருங்குறியில் எழுத இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் வழிசெய்துள்ளன. பழைய கோப்புகளை மாற்றுவதற்குப் பொங்குதமிழ் முதலிய மாற்றிகளை நம்மவர்கள் எப்போதோ ஆக்கிவிட்டனர். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தால் போதும். வருந்தவணை முதலாக வினாத்தாள்களையும் வீட்டுப்பாடங்களையும் ஒருங்குறியில் ஆக்குமாறு சக ஆசிரியர்களையும், படத்தோடு உரையையும் கேட்டு வாங்குமாறு பெற்றோரையும் வேண்டுகின்றோம்.

இக்கட்டுரையை ஒருங்குறியிலேயே எழுதி மலர்க் குழுவிடம் கொடுத்துள்ளோம். அச்சுக்குப் போகும் வழியில் அது பாமினியாகவும் மாறக்கூடும். அச்சில் படிக்க இயலாத எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மூலக்கோப்பை அனுப்பி வைப்போம்.