வலி நின்றால் புண் ஆறிவிட்டதா?

வலி நின்றதும் மருந்தை நிறுத்துவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். காய்ச்சலோ பல்வலியோ கண்வலியோ, எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. கருவிழியின் மேல்தோல் திரும்பத் திரும்ப உரிந்துபோகும் நோயில் இந்தக் கணக்கு மிகப் பெரிய தவறு.

கைக்குழந்தையின் நகம் கண்ணில் பட்டிருக்கும், அல்லது கரும்புத் தோகை கீறியிருக்கும். இரண்டு மூன்று நாளில் காயம் மூடி, பார்வை தெளிந்து, ஆள் வேலைக்குப் போய்விடுவார். சில வாரமோ மாதமோ கழித்து, விடியற்காலையில் கண்ணைத் திறந்த அந்த நொடியில் சுரீரென்று குத்தும். கண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. "தூக்கத்துல பூச்சி விழுந்திருக்கும்" என்பார்கள் வீட்டில். பூச்சியும் இல்லை, தூசியும் இல்லை. தூக்கத்தில் கண்ணீர்ச் சுரப்பு குறைவதால், பிடிப்பில்லாத மேல்தோல் இமையின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இமை திறக்கும்போது அதையும் பிய்த்துக்கொண்டு போகிறது.

காயத்தை மூட மேல்தோலின் செல்களுக்குச் சில நாள் போதும். அடியிலுள்ள சவ்வை இறுகப் பற்றும் நுண்ணிய பிடிமானங்கள் உருவாகத்தான் வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. நாற்று நட்ட மறுநாளே வயல் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

அந்த மாதங்களைக் கடக்கத்தான் இரவுக் களிம்பு. கீழிமையை இழுத்து உள்ளே ஒரு கீற்று வைத்துக் கண்ணை மூடினால், இமைக்கும் கருவிழிக்கும் நடுவே விடியும்வரை வழவழப்பு நிற்கும். 5 சதவீத உப்புக் களிம்பு கருவிழியில் ஊறிய நீரையும் உறிஞ்சும் என்பார்கள். சாதாரணக் களிம்பைவிட அது மேலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதுவானாலும் வலி போன பிறகும் மாதக்கணக்கில் போட வேண்டும். பிசுபிசுக்கிறது, பார்வை மங்குகிறது என்று நம் மக்கள் முதலில் கைவிடுவதோ இதைத்தான்.

அடுத்த முறை குத்தும்போது கால் நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறது. அங்கே கேட்டதும் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு. சிவப்பு உடனே மறைவதால் அதுவே நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடுகிறது. இந்த நோய்க்கு மருத்துவரே சில வாரம் ஸ்டீராய்டு தருவதுண்டு, ஆனால் கருவிழியைப் பரிசோதித்து, கண் அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டு தருவார். கடையில் அந்தப் பரிசோதனை இல்லை; குத்துவது கிருமிப் புண்ணாகவும் இருக்கலாம். 1997இல் வெளியான மதுரை ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. சோதனையில் கிருமி வளர்ந்த புண்களில் கிட்டத்தட்ட பாதி பூஞ்சை. பூஞ்சை உள்ள கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புண் ஆழமாகும், பார்வையே போகலாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு இன்னும் கொடியது: வலியை மறைத்துக்கொண்டே புண்ணை ஆறவிடாமல் கருவிழியைக் கரைக்கும். அதை வீட்டுக்கு எடுத்துப்போகவே கூடாது.

களிம்பில் எல்லாருக்கும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தீராதவர்களுக்குக் காயத்தை மூடிக் காக்கும் கான்டாக்ட் லென்ஸ், ஊசியால் நுண்துளையிடுதல், லேசர் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் பத்து நாளில் களிம்பை நிறுத்தியவர், மருந்து கேட்கவில்லை என்று சொல்ல நியாயமில்லை.

மருத்துவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. "இரவு ஒரு வேளை" என்று மட்டும் எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். எத்தனை மாதம், ஏன் என்று தமிழில் ஒரு வரி சேர்க்க அரை நிமிடம் ஆகாது. எழுதாவிட்டால், நோயாளி கேட்டு எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது.