வீட்டுக்கோழி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது? தாம்பரம்வாசிகள் கவனிக்க வேண்டியது என்ன?

முடிச்சூர், வரதராஜபுரம், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் இன்னமும் பல வீடுகளில் நாட்டுக்கோழி வளர்கிறது. லாக்டவுன் காலத்தில் மொட்டை மாடியில் கூண்டு வைத்து ஆரம்பித்த ஐ.டி. ஊழியர்களும் உண்டு. 'கடை முட்டை வேண்டாம், வீட்டு முட்டைதான் சுத்தம்' என்பது இவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம். ஆனால் என்ன தீவனம் போடலாம் என்று யூடியூபில் மணிக்கணக்கில் தேடுகிறவர்கள்கூட, கோழி என்ன தண்ணீர் குடிக்கிறது என்று யோசிப்பதில்லை.

காலையில் கூண்டைத் திறந்துவிட்டால் அதுவே மேயும், அதுவே குடிக்கும் என்பதுதான் பொதுவான கணக்கு. எங்கே போய்க் குடிக்கும்? தெருவோர வடிகால்தான் பக்கத்தில் இருக்கிறது. பெயர் மழைநீர் வடிகால். தென்சென்னைப் புறநகரின் பல தெருக்களில் அதில் ஓடுவது மழைநீர் மட்டுமல்ல. பாதாளச் சாக்கடை வசதி எட்டாத இடங்களில் செப்டிக் டேங்க் வழிந்து அதில்தான் சேர்கிறது.

கோழி ஏன் அங்கே போகிறது?

சாக்கடைத் தண்ணீர் மேல் கோழிக்கு ஒன்றும் ஆசை கிடையாது. கோழி இருட்டில் தண்ணீர் குடிக்காது. ராத்திரி முழுக்க அடைந்து கிடந்துவிட்டு விடியற்காலையில் தாகத்தோடு வெளியே வருகிறது. கண்ணில் படும் முதல் தண்ணீரில் அலகை வைக்கிறது, அவ்வளவுதான். வளர்ந்த கோழி சாதாரண நாளில் 200 முதல் 250 மில்லி வரை குடிக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைக்க வேண்டும். அதனால் மே மாத வெயிலில் தேவை இரண்டு மடங்காகக்கூடப் போகும். வீட்டில் வைத்த பிளாஸ்டிக் கிண்ணம் வெயிலில் கிடந்து சுட்டால் அதைத் தொடாது. வடிகால் ஓரம் நிழலாக, குளிர்ச்சியாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை கோழியை விரட்டுவது அல்ல. கூண்டைத் திறக்கும் முன்பே நல்ல தண்ணீரை வைத்துவிடுவது. மண்சட்டி நல்லது, தண்ணீர் சூடாகாது. இரண்டு செங்கல் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு, நிழலில் வைத்தால் எச்சமும் மண்ணும் விழுவது குறையும். தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். இது கோழிக்காக மட்டுமல்ல: ஒரு வாரத்துக்கு மேல் மாற்றாத தண்ணீர், டெங்கு கொசு முட்டையிட்டு வளர்ந்து பறக்கப் போதும். வடிகால் பக்கம் இருக்கும் சந்தை, வேலி இடுக்கை எல்லாம் கோழி வலை போட்டு அடைத்துவிடலாம்.

ஆர்.ஓ. கழிவுநீர் கொடுக்கலாமா?

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் ஐடியா இது. வீணாகப் போகிற தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் ஆர்.ஓ. கருவி வடிகட்டிய உப்பு எல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் செறிவாக இருக்கிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் டி.டி.எஸ். வரை கோழிக்குப் பிரச்சினை இல்லை. 3,000 வரை சமாளிக்கும், எச்சம் நீர்த்துப் போகலாம். அதைத் தாண்டினால் கோழிக்கு ஏற்றதல்ல. உங்கள் போர்வெல் தண்ணீரே உப்பாக இருந்தால் ஆர்.ஓ. கழிவுநீர் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். டி.டி.எஸ். மீட்டரை ஒரு தடவை முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மாநகராட்சிக் குழாயில் வரும் குளோரின் கலந்த தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம். தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் நாளில் மட்டும் வேண்டாம், குளோரின் அந்த மருந்தில் இருக்கும் உயிருள்ள வைரஸைக் கொன்றுவிடும்.

சரி, சாக்கடைத் தண்ணீர் குடித்தால் என்னதான் ஆகும்? இ-கோலி, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் கோழியின் குடலில் குடியேறும். கோழி பார்க்க நன்றாகவே இருக்கலாம். கிருமி எச்சம் வழியாக முட்டை ஓட்டில் ஒட்டும், சில வகை சால்மோனெல்லா முட்டைக்குள்ளேயே போய்விடும். ஆஃப்பாயில் பிரியர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்கவும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்த முட்டைதான் சரி. வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் ஈயம் போன்ற கன உலோகங்கள் போகாது, அவை கோழியின் உடம்பில் சேர்ந்து முட்டை வரை வரும். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும், தோல் தொழிற்சாலைகள் இயங்கிய பல்லாவரமும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இதை அலட்சியமாக விட முடியாது.

2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் புகார் சொன்னார்கள். மனிதர்கள் குடிக்கும் தண்ணீர் பற்றியே இப்படிச் சந்தேகம் எழும் இடத்தில், கோழி தானாகத் தேடிக்கொள்ளும் தண்ணீரை நம்புவது எப்படி?

மழைக்காலம் தனிக் கதை. 2015-லும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி மூழ்கின என்று ஊருக்கே தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு தேங்கும் குட்டைகளில் செத்த எலி, தவளை, மீன் அழுகிக் கிடக்கும். அங்கே போட்டுலிசம் நச்சு உருவாகும். அந்தப் புழுக்களைக் கொத்தித் தின்னும் கோழிக்கு முதலில் கால் விழும், அப்புறம் இறக்கை, கடைசியில் கழுத்து தொங்கிவிடும். தண்ணீர் வற்றித் தரை காயும் வரை கோழியை அடைத்து வளர்ப்பதுதான் ஒரே வழி. ஏரிக்கரை வீடுகளில் பனிக்காலத்திலும் இதே எச்சரிக்கை தேவை. வலசை வரும் நீர்ப்பறவைகளின் எச்சம் வழியாகப் பறவைக் காய்ச்சல் வைரஸ் தண்ணீரில் கலக்கலாம். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் அந்த நோய் பரவியது.

கோழி சுருண்டு படுத்தால் மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் வாங்கிப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது மோசமான பழக்கம். மருந்தின் மிச்சம் முட்டையில் வரும், கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-லேயே மத்திய அரசு தடை போட்டதும் இதனால்தான். எல்லாக் கழிச்சலும் தண்ணீரால் வருவதும் இல்லை. வெள்ளைக் கழிச்சல் என்றால் அது வைரஸ், ஆன்டிபயாட்டிக் கேட்காது. அதற்குக் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமில் தடுப்பூசி போடுகிறார்கள்.

இதில் கோழி வளர்ப்பவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021-ல். மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்பு கொடுத்தவர்களைக் கண்டுபிடித்துத் துண்டிப்பதும், பாதாளச் சாக்கடையை எல்லா வார்டுக்கும் கொண்டுபோவதும் மாநகராட்சியின் வேலை. அதைச் செய்யாமல் வடிகால் மேல் சிலாப் போட்டு மூடினால் நாற்றம் குறையும், தண்ணீர் மாறாது.

திடீரென ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி செத்தால் கையால் தொட வேண்டாம், ஏரியிலோ வடிகாலிலோ வீசவும் வேண்டாம். அடுத்த தெருக் கோழி அதே தண்ணீரைத்தான் குடிக்க வரும். கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு போன் செய்யுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.