குப்பைமேட்டின் மேல் குடியிருப்பு

மாத்தளைப் பட்டினம் மலைகளுக்கிடையே அமைந்தது. கிழக்கே நக்கிள்ஸ் தொடர். ஊரின் ஊடே சுது கங்கை. இத்தகைய ஊரில் சமதரை கிடைத்தற்கரிய பொருள். ஆதலால் பள்ளம் கண்டவிடத்துக் குப்பையும் இடிகல்லும் கொட்டி நிரப்புவதும், சில ஆண்டுகள் கழிந்து புல் முளைத்தபின் அதனை நல்ல காணியென்று எண்ணுவதும் மலைநாட்டு ஊர்களில் எளிதில் நேரக்கூடியன. இதனைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

குப்பை நிரம்பிய நிலம் மண்ணன்று. மண்ணின் குணங்களை அதனிடம் எதிர்பார்ப்பதே முதற் பிழை. வாழைமட்டையும் கந்தலும் தகரமும் கலந்த அக்குவியல் தன் பாரத்தாலேயே அமுங்குகிறது. உள்ளே அழுகுவன அழுக, பின்னும் பல்லாண்டு தாழ்ந்துகொண்டே போகிறது. மொத்த உயரத்தில் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை தாழ்வதுண்டு. எங்கும் ஒரே அளவாகத் தாழ்ந்தால் கேடு சிறிது. அவ்வாறு தாழ்வதில்லை. வீட்டின் ஒரு மூலை நிற்க, மறுமூலை இறங்கும், சுவர் வெடிக்கும், நீர்க்குழாய் முறியும், முறிந்த குழாயின் நீர் உள்ளிறங்கி அழுகலை விரைவுபடுத்தும்.

கொங்கிறீற்றுத் தூண்களைக் கீழேயுள்ள பாறைவரை இறக்கினாற் போதாதோ என்பர் சிலர். அமிழும் குப்பை அத்தூண்களைப் பற்றிக் கீழ்நோக்கி இழுக்கும். தாங்கவந்த தூணுக்கு அதுவே மேலதிகச் சுமையாகும். கசிநீரிலுள்ள உப்புக்களும் அமிலங்களும் கொங்கிறீற்றையும் இரும்பையும் அரிக்கும். அன்றியும், தூணுக்காக இட்ட துளைவழியே அக்கசிநீர் நிலத்தடி நீரைச் சென்றடையவுங்கூடும்.

காற்றின் கதை இன்னும் கொடிது. அழுகும் குப்பையிலிருந்து மெதேனும் காபனீரொட்சைட்டும் எழும். மெதேனுக்கு நிறமில்லை, மணமில்லை; வளியில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு கலந்தால் ஒரு தீப்பொறி போதும். 1986 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் லோஸ்கோ என்னும் சிற்றூரில், வளிமண்டல அமுக்கம் சடுதியாகக் குறைந்த ஒரு காலைப்பொழுதில், ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று. அவ்வீடு குப்பைநிலத்தின் மேலே கட்டப்பட்டதுமன்று; அயலில் இருந்தது. மண்ணின் ஊடே தவழ்ந்து வந்தது வாயு.

நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் ஏறத்தாழ 48 மீற்றர் உயர்ந்திருந்த குப்பைமலை சரிந்து 32 பேரை விழுங்கிற்று. முன்னாட்களில் பெய்த மழை உள்ளே தேங்கியிருந்தது. அடியில் இருந்ததோ சதுப்புநிலத்து மென்மண். மேற்பாரம் தாங்காது அம்மண் பிதுங்கி, அருகிருந்த வீடுகளை நிலத்தோடு தூக்கித் தள்ளிற்று. மாண்டோர் ஏழைகள். மாளிகைவாசி எவரும் குப்பைமேட்டின் அடிவாரத்தில் மனை தேடுவதில்லையே!

மாத்தளையில் அடிமண் சதுப்பன்று, மலைச்சரிவு. சரிவில் நிரப்பிய குப்பை மழைநீரை உண்டு கனத்தால் கீழ்நோக்கி நகர இடம் தேடும். 2025 நவம்பரின் இறுதியில் 'டித்வா' புயல் மழையிலே மனிதர் கை நிரப்பாத இயற்கைச் சரிவுகளே இம்மாவட்டத்தில் பெயர்ந்து வீழ்ந்தன. நிரப்பிய நிலத்தின் கதியை நான் விரித்துரைக்க வேண்டா.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2012 இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயுக் கூடமொன்றுக்கு நிலம் தோண்டியோர் மனித எலும்புகளைக் கண்டனர். 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. அது வேறு துயரம்; அதனை என் வாதத்துக்குத் துணைக்கழைப்பது தகாது. தோண்டியவர்களுக்குத் தம் காலடி நிலத்தின் கதை தெரிந்திருக்கவில்லை என்பதை மட்டுமே சுட்டுகிறேன்.

குப்பைநிலத்தை எக்காலத்தும் தொடலாகாது என்பது என் கட்சியன்று. மேலே களிமண் போர்த்து, நீர்வடிகாலும் வாயுக்குழாயும் அமைத்து, பூங்காவாகவோ புல்வெளியாகவோ விடலாம். கட்டியே தீரவேண்டுமெனின், பல இடங்களிற் துளையிட்டு ஆழமும் வாயுவும் ஆண்டுக்கணக்கில் அளந்தபின் கட்டலாம். அல்லது குப்பையை முழுதும் அகழ்ந்து சலித்து அகற்றியபின் கட்டலாம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டடம் எழுப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும் என்னும் விதி இருக்கிறது. மாத்தளையும் அவற்றுள் ஒன்று. விதி இருந்தும், செலவு மிகுதி என்று சொல்லிச் சோதனையைச் சுருக்கும் மனம் நம்மிடம் உண்டு. என் அச்சமெல்லாம், இலவசக் காணி என்ற பெயரில் இத்தகைய நிலம் லயன் அறைகளிலிருந்து வெளியேறத் தவிக்கும் தோட்டத் தொழிலாளருக்கோ, விளையாட்டு மைதானம் கேட்கும் சிறிய பாடசாலைக்கோ வந்துசேர்ந்துவிடுமோ என்பதே. ஏழு பேர்ச் காணிக்காகத் தலைமுறைகள் காத்திருந்தவன் தரையைத் தட்டிப் பார்த்தா வாங்குவான்?

பழைய குப்பைநிலங்கள் எவை, எந்த ஆண்டில் மூடப்பட்டன, ஆழம் எவ்வளவு என்று காட்டும் படம் ஒவ்வொரு சபையின் வாயிலிலும் தொங்கவேண்டும். சபைகள் சுணங்குமாயின் மாத்தளைப் பாடசாலைகளின் புவியியல் ஆசிரியர்கள் தொடங்கலாம். ஊர்ப் பெரியவர்களுள் எந்தப் பள்ளம் எப்போது தூர்ந்தது என்று அறிந்தோர் இன்றும் உளர். ஒரு தவணை விடுமுறையில் மாணவர் நால்வர் ஏடும் எழுதுகோலும் கொண்டு அவர்களிடம் போய்க் கேட்டுவந்தால், முதற்படம் அணியமாகிவிடும்.